கழுத்து வலிக்கு நாற்காலி மட்டுமா காரணம்? கணினிப் பணியாளர் வலியில் இன்னும் விடை தேடும் கேள்விகள்

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியனின் 90 மணி நேரப் பேச்சு வெளியே வந்தது. இப்படிப் பேச்சு எழும்போதெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் கவலை உடம்பைப் பற்றியதாகவே இருக்கிறது: இப்போதே கழுத்து போச்சு, இடுப்பு போச்சு, இதில் இன்னும் இருபது மணி நேரமா? இன்னொரு பக்கம், இந்த நாற்காலியை வாங்கினால் முதுகு வலி இருக்காது என்று விளம்பரங்கள் கூவுகின்றன.

இந்த இரண்டுக்கும் அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. கணினி முன்னால் இருக்கும் நேரம் கூடினால் வலி கூடும் என்பது ஒன்று. உட்காரும் விதத்தைச் சரிசெய்தால் வலி போய்விடும் என்பது மற்றொன்று. இதில் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் நாற்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளில் இரண்டுமே எதிர்பார்த்த அளவுக்கு நிரூபணமாகவில்லை. பொய் என்று நிரூபணமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. இந்த இழுபறி ஏன் வந்தது, இனி எதை முதலில் ஆராய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எதைக் கோளாறு என்கிறோம்?

தசை, தசைநாண், மூட்டு, நரம்பு, முதுகெலும்பின் வட்டுகள் (டிஸ்க்) ஆகியவற்றில் வரும் வலி, மரத்துப்போதல், இறுக்கம், வலுக்குறைவு எல்லாவற்றையும் சேர்த்து எலும்பு–தசைக் கோளாறுகள் என்கிறார்கள். இந்தப் பெயர் ஒரு பெரிய சாக்கு மூட்டை. உள்ளே இரண்டு வகை இருக்கிறது.

1. பெயரும் சோதனையும் உள்ளவை. மணிக்கட்டில் நடுநரம்பு நசுங்குவதால் வரும் கார்ப்பல் டன்னல், கட்டைவிரல் அடியில் தசைநாண் உறை வீங்கும் டி குவெர்வெய்ன், முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும் டென்னிஸ் எல்போ போன்றவை. மருத்துவர் தொட்டுப் பார்த்தோ நரம்பில் மின்சோதனை செய்தோ 'இதுதான்' என்று சொல்ல முடியும்.

2. பெயர் இல்லாதவை. கழுத்து, தோள்பட்டை, இடுப்பு வலிக்கிறது. எந்தச் சோதனையிலும் தெளிவான காரணம் அகப்படுவதில்லை. அலுவலகத்தில் வரும் வலியில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இரண்டாவது வகை எவ்வளவு பரவலானது என்பதற்கு உலக நோய்ச்சுமைக் கணக்கைப் பார்க்கலாம். 2020இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி, 20.3 கோடிப் பேருக்குக் கழுத்து வலி என்பது அதன் மதிப்பீடு. இவர்களில் விவசாயியும் உண்டு, கொத்தனாரும் உண்டு, கணினியே தொடாதவரும் உண்டு. எல்லோருக்கும் வரும் ஒரு வலியில் கணினி வேலையால் வந்த பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான் ஆய்வாளர்களின் முதல் தலைவலி.

நம் ஊரில் இந்தப் பெயரில்லாத வலிக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டோம்: 'தேய்மானம்'. கழுத்து வலி என்று போனால் ஸ்கேன் எடுக்கிறார்கள், வட்டு தேய்ந்திருக்கிறது அல்லது பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வருகிறது, கழுத்துப் பட்டை கிடைக்கிறது. தேய்மானம் பொய்யல்ல, ஸ்கேனில் இருப்பதுதான். வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கிறது என்பதுதான் சிக்கல். வலி இல்லாதவர்களின் கீழ்முதுகுப் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் அது 96 சதவீதம். அதே ஆண்டு ஜப்பானில் கழுத்து வலி இல்லாத 1211 பேரைப் படமெடுத்தபோது, 87.6 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. அப்படியானால் வலிக்கும் ஒருவரின் படத்தில் தேய்மானம் தெரிவது, நரைமுடி உள்ளவருக்குத் தலைவலி வந்ததும் நரையைக் காரணம் சொல்வது போலத்தான். சில நேரம் உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எழுத்தர் கை முதல் ஆஸ்திரேலியா வரை

இது கணினியோடு பிறந்த பிரச்சினை என்று நினைத்தால் தவறு. தொழில் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி, தன் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் நோய்களைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, கணக்கில் தப்பு வந்துவிடக்கூடாதே என்ற மன அழுத்தம். முந்நூறு ஆண்டு கழித்து இன்றைய ஆய்வுகளும் இந்த மூன்றுக்குள்ளேயேதான் சுற்றுகின்றன. மூன்றாவதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1830களில் பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் எழுத்தர்களுக்குக் கை பிடித்துக்கொண்டது. பழி புதிதாக வந்த எஃகு நிப்பின் மேல் விழுந்தது. பிறகு தந்தி வந்தது, தந்தியோடு தந்திக்காரர் பிடிப்பும் வந்தது. 1908இல் பிரிட்டன் அதை இழப்பீடு தரவேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஒரு குழு போட்டு விசாரித்து 1911இல் அறிக்கையும் கொடுத்தார்கள். சிக்கலான அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் களைப்பும், ஆளின் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்ததுதான் காரணம் என்றது குழு. வேலையா, ஆளா என்ற வழக்கு அன்று தொடங்கியது. இன்னும் வாய்தாவிலேயே இருக்கிறது.

அந்த வழக்கு மிகப் பெரிதாக வெடித்தது 1980களின் ஆஸ்திரேலியாவில். 'ஆர்.எஸ்.ஐ.' என்ற சொல் அங்கேதான் வீட்டுக்கு வீடு பரவியது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயம் என்று பொருள். அந்நாட்டு அரசுத் தொலைபேசி நிறுவனமான டெலிகாம் ஆஸ்திரேலியாவில் 1981க்கும் 1985க்கும் இடையில் ஏறத்தாழ 4000 பேர் கை, தோள் வலி என்று புகார் கொடுத்தார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. தொலைபேசி இணைப்பாளர்களில் ஆயிரத்துக்கு 343 பேர் புகார் சொல்லியிருந்தார்கள், விசைப்பலகை எழுத்தர்களில் ஆயிரத்துக்கு 284 பேர். மற்ற எல்லோரையும்விட வேகமாக, அதிகமாக விசை தட்டிய தந்திப் பிரிவினரில் ஆயிரத்துக்கு 34 பேர்தான். விசை தட்டுவதுதான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

1985க்குப் பிறகு புகார்கள் மளமளவென்று குறைந்தன. விசைப்பலகையோ எங்கும் போய்விடவில்லை. இழப்பீட்டு ஆசை என்றார்கள் சிலர். பயம் பரவியதால் வந்தது என்றார்கள் வேறு சிலர். வேலை நடக்கும் விதம் மாறியதும் மேலாளர்களின் கண்காணிப்பும்தான் காரணம் என்றார்கள் இன்னும் சிலர். வலித்தவர்களை 'நடிப்பு' என்று ஏசியது அந்தக் காலகட்டத்தின் அசிங்கமான பக்கம். வலி நிஜம்; அதன் காரணம் விசைத் தட்டலில் மட்டும் இல்லை. இவ்வளவுதான் அந்தப் புள்ளிவிவரம் சொன்னது.

நேரத்தை அளந்தால் விடை கிடைக்குமா?

எத்தனை மணி நேரம் கணினியில் இருக்கிறீர்கள் என்று கேட்டு, வலிக்கிறதா என்றும் கேட்டால், நேரம் கூடக்கூட வலியும் கூடுவதாகவே பெரும்பாலும் விடை வரும். இந்தியாவில் ஐ.டி. பணியாளர்களைப் பற்றி நாம் செய்திகளில் படிக்கும் சதவீதங்கள் பெரும்பாலும் இப்படி ஒரே நாளில், ஒரே படிவத்தில் கேட்டு எடுத்தவை. இதில் இரண்டு ஓட்டைகள்.

முதலாவது, ஞாபகம். கணினிக்குள்ளேயே ஒரு மென்பொருளை வைத்து விசையும் மவுஸும் இயங்கிய நேரத்தைப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகளில், பணியாளர் சொல்லும் நேரம் உண்மையைவிட அதிகமாக இருப்பது தெரிந்தது. போனில் பேசியது, யோசித்தது, காகிதம் பார்த்தது எல்லாம் 'கணினி நேரம்' என்று மனதில் பதிந்துவிடுகிறது. நெதர்லாந்தில் ஏறத்தாழ 2000 அலுவலகப் பணியாளர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011இல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களே சொன்ன நேரத்துக்கும் பின்னால் வந்த கடும் வலிக்கும் தொடர்பு இருந்தது. மென்பொருள் பதிவு செய்த நேரத்துக்கும் வலிக்கும் தொடர்பு இல்லை. வேலை அழுத்துகிறது என்று உணர்பவருக்கு நேரமும் நீளமாகத் தெரிகிறது, வலியும் வருகிறது என்று இதைப் படிக்கலாம். நேரத்தை மட்டும் அளந்தால் போதாது, அந்த நேரத்துக்குள் ஓய்வு எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதையும் அளக்க வேண்டும் என்றும் படிக்கலாம்.

இரண்டாவது, திசை. வலி வந்தவர் வேலையை மாற்றிக்கொள்கிறார் அல்லது விட்டுப் போகிறார். அலுவலகத்தில் போய்க் கேட்கும்போது மிஞ்சியிருப்பவர் தாங்கிக்கொண்டவர். மழை விட்ட பிறகு தெருவில் நிற்பவர்களை எண்ணி எத்தனை பேர் நனைந்தார்கள் என்று சொல்ல முடியாது.

கார்ப்பல் டன்னல் விஷயத்தில் கொஞ்சம் தெளிவு உண்டு. கணினி என்றாலே அந்த நோய் என்ற எண்ணம் பரவியிருந்த காலத்தில், 2001இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் தன் ஊழியர்களில் கணினியை அதிகம் பயன்படுத்திய 257 பேரைச் சோதித்தது. அறிகுறிகளின்படி 10.5 சதவீதம் பேருக்கு நோய் இருப்பதாகத் தெரிந்தது. நரம்புச் சோதனையில் உறுதியானது 3.5 சதவீதம்தான், பொதுமக்களில் இருக்கும் அளவுதான். 2003இல் வந்த ஒரு பெரிய டென்மார்க் ஆய்வு, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களுக்கு ஆபத்து கூடலாம் என்றது. விசைப்பலகைக்கு அப்படித் தொடர்பு காணவில்லை. விரல் தட்டுவதைவிட, கையை நீட்டி ஒரே நிலையில் பிடித்திருப்பதுதான் பாடுபடுத்துகிறது போலிருக்கிறது.

இதற்கு உடலியங்கியலில் ஒரு விளக்கம் இருக்கிறது, அதன் பெயர் சிண்டெரெல்லா கோட்பாடு. ஸ்வீடனின் கோரான் ஹேக் 1991இல் முன்வைத்தார். ஒரு தசைக்குள் இருக்கும் நார்க்கூட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. இலேசான வேலைக்குச் சிறிய நார்க்கூட்டங்களை உடம்பு முதலில் எழுப்பும். பளு கூடினால் பெரியவை வந்து சேரும். பளு குறையும்போது பெரியவை முதலில் போய்விடும், சிறியவைதான் கடைசியில் ஓயும். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கும் கதைப் பெண் சிண்டெரெல்லாவைப் போல. மவுஸைப் பிடித்துக்கொண்டு, தோளை இலேசாகத் தூக்கியபடி, காலக்கெடுவை நினைத்துப் பதறும்போது பளு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை மணிக்கணக்கில் சுமப்பது எப்போதும் அதே நார்கள். மன அழுத்தமும் தோள் தசையை விடாமல் இயக்கத்தில் வைக்கிறது என்று மின்பதிவுகள் காட்டியிருக்கின்றன. ராமஸினியின் மூன்று காரணங்களும் ஒரே தசையில் வந்து சேரும் இடம் இது. ஆனால் இந்த நார்ச்சோர்விலிருந்து மாதக்கணக்கில் நீடிக்கும் வலி எப்படிப் பிறக்கிறது என்ற கடைசிப் படி இன்னும் ஊகம்தான்.

மும்பையில் குறைந்த வலி

இனி வருவதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய புதிர் என்று நான் நினைக்கிறேன். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2008இல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். மும்பையில் அலுவலக வேலையும் உடலுழைப்பு வேலையும் செய்பவர்கள், பிரிட்டனில் அதே மாதிரி வேலை செய்யும் வெள்ளையர்கள், பிரிட்டனில் குடியேறிய தெற்காசிய வம்சாவளியினர் என்று மூன்று தரப்பு. மும்பைக்காரர்கள் சொன்ன வலி வெகுவாகக் குறைவு. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்கள் சொன்ன வலி ஏறக்குறைய வெள்ளையர்களின் அளவு. அப்படியானால் இது இனத்தின், மரபணுவின் சமாச்சாரம் அல்ல. வேலையும் ஒன்றுதான். ஆர்.எஸ்.ஐ. என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பதும் மும்பையில் குறைவாக இருந்தது.

இதையே விரிவாக்கி 18 நாடுகளில், 47 தொழிற்குழுக்களில், 12,000க்கும் மேற்பட்ட அலுவலகப் பணியாளர், செவிலியர், கையால் வேலை செய்வோரிடம் கேட்டார்கள். 'குபிட்' என்று பெயர் வைத்த அந்த ஆய்வில் இலங்கையும் பாகிஸ்தானும் இருந்தன. இந்தியா இல்லை. அன்றாடக் காரியத்தையே தடுக்கும் அளவுக்குக் கீழ்முதுகு வலி கடந்த ஒரு மாதத்தில் வந்ததா என்று கேட்டபோது, ஒரு குழுவில் 9.6 சதவீதம், இன்னொரு குழுவில் 42.6 சதவீதம் என்று விடை சிதறியது. மணிக்கட்டு, கை வலியில் மடங்குக் கணக்கில் வேறுபாடு இன்னும் பெரிது: 2.2 முதல் 31.6 சதவீதம் வரை. வேலையின் உடல் பளுவை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை.

அப்போ இதெல்லாம் மனப்பிரமையா? இல்லை. வலி எப்போதும் மூளையில்தான் முடிவாகிறது. கவலை, எதிர்பார்ப்பு, தூக்கம், முந்தைய அனுபவம் எல்லாம் அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். மும்பைக்காரருக்கு வலியே குறைவாக வருகிறதா, அல்லது வந்தாலும் 'வலி' என்று படிவத்தில் சொல்லத் தோன்றவில்லையா என்பதுதான் பிரித்தறிய வேண்டியது. இரண்டாவது என்றால் இந்தியாவின் குறைந்த எண்ணிக்கை, சொல்லாமல் பொறுத்துக்கொள்வதன் எண்ணிக்கை.

எது பலன் தருகிறது?

பணியிடத்தைச் சரிசெய்து கை, தோள், கழுத்து வலியைத் தடுக்க முடியுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்துப் பார்த்தது. 15 சோதனைகள், 2165 அலுவலகப் பணியாளர்கள். முன்கைக்குத் தாங்கியும் மாற்று வடிவ மவுஸும் சேர்ந்தால் கழுத்து, தோள் கோளாறு குறையலாம். மற்றவை எதற்கும் உறுதியான சான்று இல்லை. விலையுயர்ந்த நாற்காலிகளின் உலகத்துக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி.

நிமிர்ந்து உட்கார் என்ற அறிவுரையின் கதையும் சுவையானது. 1960களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன் முதுகு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம் என்று வந்தது. உட்காருவதே முதுகுக்குக் கேடு என்ற பேச்சுக்கு அதுவே வேராயிற்று. 1999இல் ஜெர்மனியில் புதிய கருவியால் அளந்தபோது நிற்கையில் 0.50, தளர்வாக உட்கார்கையில் 0.46 மெகாபாஸ்கல். சாய்ந்து சரிந்து உட்கார்ந்தால் இன்னும் குறைவு. அளந்தது ஒரே ஒரு தன்னார்வலரின் வட்டில் என்பதால் இதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் வாங்கிய 'நேரா உக்காரு' என்ற அதட்டலுக்கு அறிவியல் ஆதாரம் நாம் நினைத்த அளவு பலமில்லை.

பலன் தெரிந்த இடங்கள் எளிமையானவை. அடிக்கடி கழுத்து, தோள் வலி இருந்த 198 அலுவலகப் பணியாளர்களை டென்மார்க்கில் மூன்றாகப் பிரித்தார்கள். ரப்பர்க் குழாயை இழுக்கும் பயிற்சியை ஒரு குழு தினம் 2 நிமிடமும் இன்னொரு குழு 12 நிமிடமும் செய்தது. மூன்றாம் குழுவுக்கு உடல்நலக் குறிப்புகள் மட்டும். பத்து வாரத்தில் பயிற்சி செய்த இரு குழுவுக்குமே வலி குறைந்தது. அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், தரவு உள்ளிடுபவர்களுக்கு வழக்கமான இரண்டு 15 நிமிட இடைவேளைகளோடு, மற்ற மணிகளில் 5 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். உடல் அசௌகரியம் குறைந்தது, வேலையின் அளவு குறையவில்லை. உயரம் மாற்றும் மேசைகள் ஆரம்ப மாதங்களில் உட்காரும் நேரத்தை நாளுக்கு ஏறத்தாழ 100 நிமிடம் குறைக்கின்றன. வலியைக் குறைக்கின்றனவா என்பது வேறு கேள்வி.

எதை முதலில் ஆராய வேண்டும்?

இதுவரை பார்த்ததிலிருந்து வரிசை ஓரளவு தானே கிடைக்கிறது. இந்தியச் சூழலை, குறிப்பாகத் தமிழ்நாட்டை மனதில் வைத்து வரிசைப்படுத்துகிறேன்.

1. வேலைக்குச் சேரும் நாளிலிருந்து பின்தொடரும் ஆய்வு. சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. அலுவலகங்களில் ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் இளைஞர்களை வலி வருவதற்கு முன்பே பதிவு செய்து, ஐந்தாண்டு கூடவே போக வேண்டும். வேலையை விட்டுப் போனவரையும் விடக்கூடாது, ஏன் போனார் என்பதில்தான் பாதி விடை இருக்கும். ஒருநாள் படிவ ஆய்வு இன்னும் நூறு வந்தாலும் இதற்கு ஈடாகாது.

2. தமிழில் சரியான வினாப்படிவம். சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் எண்ணிக்கை முழுவதும் இதில்தான் நிற்கிறது. உலகமெங்கும் பயன்படும் நார்டிக் வினாப்படிவம் 1987இல் வந்தது. உடலை ஒன்பது பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வலி உண்டா என்று கேட்கும். தமிழில் 'கை' என்றால் தோளுக்குக் கீழே எல்லாமே கைதான். 'இடுப்பு வலி' என்பவர் பெரும்பாலும் கீழ்முதுகைச் சொல்கிறார், மருத்துவர் இடுப்பு மூட்டைக் குறித்துக்கொள்ளலாம். குடைச்சல், பிடிப்பு, சுளுக்கு, வாயு, மரத்துப்போதல், விண்விண்ணென்று தெறிப்பது இவையெல்லாம் 'வலி' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்குமா? 'வாயுப் பிடிப்பு' என்று நினைப்பவர் வேலையால் வந்த வலி என்ற கேள்விக்கு 'இல்லை' என்றே விடை எழுதுவார். மும்பைப் புதிரின் ஒரு பகுதி இங்கேயே அவிழக்கூடும்.

3. வேலையின் ஒழுங்கை மாற்றிப் பார்க்கும் சோதனை. நாற்காலியை மாற்றிப் பார்த்தாயிற்று, மவுஸை மாற்றிப் பார்த்தாயிற்று. இலக்கு, காலக்கெடு, எழுந்து போகும் சுதந்திரம், ஷிப்ட் முறை ஆகியவற்றை மாற்றிப் பார்த்த சோதனைகள் ஒப்பிடுகையில் குறைவு. காரணம் எளிது. நாற்காலி வாங்க மேலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். இலக்கைக் குறைக்க வாடிக்கையாளர் ஒப்பந்தத்தையே திருத்த வேண்டியிருக்கும். ஆனால் ஆஸ்திரேலியத் தந்திப் பிரிவினரின் கணக்கும் நெதர்லாந்து முடிவும் விரல் நீட்டுவது இந்தப் பக்கம்தான். கால் சென்டரில் கழிப்பறைக்குப் போகவும் 'பிரேக்' கணக்கு வைக்கப்படும் இடத்தில், மணிக்கு 5 நிமிடம் கூடுதலாகக் கொடுத்து ஒரு மாடியையும் கொடுக்காமல் இன்னொரு மாடியையும் ஆறு மாதம் ஒப்பிடுவது முடியாத காரியமல்ல.

4. பெண்களுக்கு ஏன் அதிகம்? கழுத்து, தோள் வலி பெண்களிடம் கூடுதலாகப் பதிவாவது பல நாடுகளில் காணப்படுகிறது. உடலமைப்பா, ஹார்மோனா, ஆண் உயரத்துக்கு அளவெடுத்த மேசையா, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் வீட்டு வேலையா? கணினிப் பதிவு மென்பொருள் மாலை ஆறு மணியோடு நின்றுவிடும்; சிண்டெரெல்லா நார்கள் நிற்பதில்லை. 24 மணி நேரத்தையும் அளக்காத ஆய்வால் இந்தக் கேள்வியைத் தொடவே முடியாது. பள்ளமும் மேடுமான சாலையில் இருசக்கர வாகனத்தில் போய்வரும் நேரத்தையும் இதோடு சேர்க்க வேண்டும்.

5. நீடிக்கும் வலி யாருக்கு? பெரும்பாலோருக்குக் கழுத்து வலி வந்து போகும். சிலருக்குத் தங்கிவிடும். வந்தவர்களில் யாருக்குத் தங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், செலவும் ஸ்கேனும் மிச்சம்.

6. மடிக்கணினியும் போனும். 2020க்குப் பிறகு கட்டில், டைனிங் டேபிள், தரை எல்லாமே அலுவலகமாயிற்று. பழைய ஆய்வுகள் பெரும்பாலும் மேசைக் கணினிக் காலத்தவை. போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ என்று சுற்றும் படம் 2014இல் ஒருவர் போட்ட கணக்கு மாதிரி மட்டுமே, யாருடைய வலியையும் அளந்ததல்ல. பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரைப் பார்த்த ஆய்வில், போன் பார்க்கும் கழுத்து நிலைக்கும் வலிக்கும் தொடர்பு தெரியவில்லை. இதில் பயமுறுத்தல் அதிகம், சான்று கொஞ்சம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சான்று தெளிவாக இல்லாதபோது சட்டம் என்ன செய்ய வேண்டும்? ஐரோப்பா காத்திருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு உத்தரவிலேயே திரை முன் வேலை செய்வோரின் பணியிடத்தை மதிப்பிட வேண்டும், வேலையை இடைவேளையாலோ வேறு வேலையாலோ அவ்வப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அமெரிக்கா 2000 நவம்பரில், வேலையை உடம்புக்கேற்ப அமைக்கச் சொல்லும் ஓர் எர்கோனாமிக்ஸ் விதியை வெளியிட்டது. தொழில் நிறுவனங்கள் செலவையும், அறிவியல் போதாது என்பதையும் சொல்லி எதிர்த்தன. 2001 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. இத்தனைக்கும் அந்நாட்டு தேசிய அறிவியல் கழகம் அதே ஆண்டு வெளியிட்ட பேரறிக்கை, வேலைக்கும் இந்தக் கோளாறுகளுக்கும் தொடர்பு உண்டு என்றே சொன்னது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அறிவிக்க வேண்டிய தொழில் நோய்கள் என்று அதன் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்கள் இருக்கின்றன: ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, ஆந்த்ராக்ஸ், சிலிக்கோசிஸ், இரைச்சலால் காது கேளாமை... 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலை அப்படியே நினைவூட்டுவது. எலும்பு–தசைக் கோளாறு ஒன்றுகூட இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலில் கார்ப்பல் டன்னல் உட்படப் பல இருக்கின்றன. பட்டியலில் இல்லாத நோயை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. அறிவிக்காத நோய்க்கு எண்ணிக்கை கிடையாது. எண்ணிக்கை இல்லாததால் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கைக்கு ஆதாரமும் கிடையாது. 2021இல் தமிழ்நாடு கடைச் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. கணினி முன்னால் இருப்பவருக்கு எழுந்திருக்கும் உரிமை இங்கே இன்னும் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

தரவு இல்லாமலும் இல்லை. எப்போது உள்ளே வந்தார், எத்தனை நிமிடம் விசை ஓயாமல் இயங்கியது, எப்போது திரை பூட்டியது என்பதைப் பல நிறுவனங்கள் உற்பத்தித்திறனை அளக்கவே பதிவு செய்கின்றன. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்கள் இன்னொரு சர்வரில் இருக்கின்றன. பெயர்களை நீக்கிவிட்டு இரண்டையும் இணைத்தால், நெதர்லாந்தில் ஏறத்தாழ 2000 பேரிடம் பார்த்ததைச் சென்னையில் பல மடங்கு பேரிடம் பார்க்கலாம். ஆனால் இந்தப் பதிவை ஆய்வாளரிடம் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம். கழுத்து வலிக்கிறது என்று படிவத்தில் எழுதினால் அடுத்த அப்ரைசலில் அது எங்கே போய் நிற்குமோ என்று யோசிப்பது பணியாளரின் நிலைமை. முதல் ஆய்வு தொடங்கும் முன் இந்த இரண்டு பேரோடும் பேசி முடிக்க வேண்டியிருக்கும்.